சட்டம் ஒரு வரி, விதி நூறு பக்கம்: அதைச் சரிபார்ப்பது யார்?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நீங்கள் ஓர் உணவகம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு கடை மூடும் நேரம். அடுப்பில் இன்னும் அரை அண்டா சாம்பார் மிச்சம் இருக்கிறது. நாளைக்கு விற்கலாமா?

விற்கலாம், ஆனால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. 57 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் சாம்பார் இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு வந்துவிட வேண்டும். அண்டாவை அப்படியே தூக்கிக் குளிர்பெட்டியில் வைத்தால் நடுவில் சூடு தங்கிவிடும், கணக்கு தப்பிவிடும். அதனால் ஆழமில்லாத தட்டங்களில் பிரித்து ஊற்றி, ஐஸ் தண்ணீரில் நிறுத்தி, அவ்வப்போது கிளறிவிடுவார்கள். சுகாதார ஆய்வாளர் வந்தால் கையோடு தெர்மாமீட்டர் கொண்டுவருவார். நேராகச் சாம்பாரின் நடுவில்தான் செருகுவார்.

சரி, இந்த 57, 21, 5 எல்லாம் எங்கிருந்து வந்தன? மாநிலச் சட்டமன்றத்தில் யாரும் எழுந்து நின்று குழம்பு ஆறும் வேகத்தைப் பற்றி விவாதிக்கவில்லை. சட்டமன்றம் செய்தது, உணவுப் பாதுகாப்புக்கு வேண்டிய விதிகளை வகுத்துக்கொள்ளும் அதிகாரத்தை மாநிலப் பொதுச் சுகாதாரத் துறைக்குக் கொடுத்ததுதான். துறை, மத்திய அரசின் உணவு மருந்து நிர்வாகம் தயாரித்து வைத்திருக்கும் மாதிரி உணவுக் கோவையை எடுத்துத் தன் விதியாக்கிக்கொண்டது. எண்கள் அந்தக் கோவையில் இருப்பவை.

சட்டமன்றம் இயற்றினால் அது சட்டம். அந்தச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில் ஒரு துறையோ வாரியமோ எழுதினால் அது விதி. மீறினால் அபராதம், உரிமம் ரத்து என்று வரும்போது இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. கடைக்காரரைப் பொறுத்தவரை இரண்டும் அரசாங்கம்தான்.

துறைகளிடம் ஏன் இதை விட வேண்டும் என்று கேட்டால், வேறு வழியில்லை என்பதே பதில். இல்லினாய் சட்டமன்றத்தில் கீழவைக்கு 118 பேர், மேலவைக்கு 59 பேர். இந்த 177 பேரும் உட்கார்ந்து சாம்பார் சூடு, லிஃப்ட் கயிற்றின் தடிமன், செவிலியர் உரிமத்துக்கான பயிற்சி மணி, ஆற்றில் கலக்கும் பாதரச அளவு எல்லாவற்றையும் தீர்மானிக்க முடியாது. நேரமும் இல்லை, துறை அறிவும் இல்லை. ஆகவே குறிக்கோளைச் சட்டத்தில் எழுதிவிட்டு நுணுக்கத்தைத் துறையிடம் விட்டுவிடுகிறார்கள். சட்டப் புத்தகம் மெலிவாக இருக்க, விதிப் புத்தகம் பருத்துக்கொண்டே போகும்.

இங்கேதான் சிக்கல். சட்டம் எழுதியவரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். விதி எழுதிய அதிகாரியின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர் சட்டம் கொடுத்த எல்லையைத் தாண்டியிருக்கலாம். எல்லைக்குள் நின்றே சட்டமன்றம் நினைத்ததற்கு நேர்மாறாக எழுதியிருக்கலாம். எண்ணம் சரியாக இருந்தும் சின்னக் கடைகளால் தாங்க முடியாத செலவை ஏற்றியிருக்கலாம். அதிகாரத்தைக் கொடுத்த சட்டமன்றமே, கொடுத்ததை ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்களா என்று திரும்பிப் பார்க்கும் ஏற்பாட்டைத்தான் விதிகள் மீதான சட்டமன்ற மேலாய்வு என்கிறோம். இந்தியாவிலும் இது உண்டு. மத்திய அரசு அறிவிக்கும் விதிகள் நாடாளுமன்ற மேசைமீது வைக்கப்படுகின்றன. அவற்றைப் பார்க்க மக்களவையில் 1953 முதல் ஒரு குழு இருக்கிறது. ஆனால் இதை வைத்து அரசியலே நடத்தி, நீதிமன்றம்வரை போய், அரசியல் சாசனத்தையே திருத்தும் அளவுக்குச் சண்டை போட்டவர்கள் அமெரிக்க மாநிலங்கள்தான்.

தொடரும் முன் ஒரு சின்னக் குறிப்பு. இந்தக் கட்டுரையில் 'ஆளுநர்' என்று வருமிடமெல்லாம் நம்மூர் ஆளுநரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க மாநில ஆளுநர் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். துறைகள் பெரும்பாலும் அவர் கையில். வேலையை வைத்துப் பார்த்தால் அவர் நம் முதலமைச்சருக்குத்தான் பக்கம்.

பன்னிரண்டு பேர் உட்காரும் அறை

இல்லினாயில் ஒரு துறை புதிய விதி கொண்டுவர நினைத்தால், முதலில் வரைவை மாநில அரசிதழில் வெளியிட வேண்டும். அரசிதழ் வாராவாரம் வரும். வெளியான நாளிலிருந்து குறைந்தது 45 நாள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். இது முதல் அறிவிப்பு. வந்த கருத்துகளைப் பார்த்துத் திருத்த வேண்டியதைத் திருத்தி, வரைவைச் சட்டமன்றக் கூட்டுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். இது இரண்டாம் அறிவிப்பு. இதற்கும் 45 நாள். இரண்டும் தாண்டினால்தான் விதி அமலுக்கு வரும்.

நிர்வாக விதிகளுக்கான அந்தக் கூட்டுக் குழுவை அங்கே சுருக்கி 'ஜேகார்' என்பார்கள். 1977-ல் உருவானது. உறுப்பினர்கள் 12 பேர். இரு அவைகளிலிருந்தும் சமமாக, இரு கட்சிகளிலிருந்தும் சமமாக. இந்தச் சமம் என்பதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

குழு என்றதும் அனல் பறக்கும் விவாதம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பெரும்பாலான வேலை சலிப்பூட்டுவது. இந்த விதிக்குச் சட்டத்தில் எந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது? 'நியாயமான காலம்' என்று எழுதியிருக்கிறீர்களே, எத்தனை நாள்? சிறுதொழில் செய்பவருக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டீர்களா? குழுவின் ஊழியர்கள் இப்படிக் கேள்வி அனுப்புவார்கள், துறை பதில் சொல்லும், வரியை மாற்றும். கூட்டம் கூடுவதற்கு முன்பே பல விஷயம் பேசி முடிந்திருக்கும். என்னைக் கேட்டால் இந்த ஏற்பாட்டின் உண்மையான பலம் அந்தத் தொலைபேசிப் பேச்சுகளில்தான் இருக்கிறது. குழு கடைசியில் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடும் என்ற நினைப்பே துறையை முன்கூட்டி வழிக்குக் கொண்டுவந்துவிடுகிறது. எல்லாம் சரியென்றால் குழு ஒரு சான்று கொடுக்கும். நம் அலுவலக மொழியில் சொன்னால் தடையில்லாச் சான்று, பெயரும் கிட்டத்தட்ட அதேதான்.

சரியில்லை என்றால் இரண்டு படி. முதல் படி, ஆட்சேபனை. 'எங்களுக்கு இது ஒப்பவில்லை, மாற்றுங்கள்' என்று எழுதுவார்கள். துறை கேட்கலாம், கேட்காமலும் போகலாம். இரண்டாம் படிதான் கத்தி. பொதுநலனுக்கோ பாதுகாப்புக்கோ கேடு என்று குழு கருதினால் விதியை வரவிடாமலே தடுக்கலாம், வந்துவிட்ட அவசர விதியை நிறுத்திவைக்கலாம். அதற்கு ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 12-ல் 8 வாக்கு வேண்டும். இரு கட்சிக்கும் சமபலம் என்பதால் ஒரு கட்சி தனியாக 8-ஐ எட்ட முடியாது. எதிர்க்கட்சியிலிருந்து இரண்டு பேராவது வந்தாக வேண்டும். ஆளுநரைப் பழிவாங்க மட்டுமே இந்தக் கத்தியை எடுக்க முடியாதபடி ஒரு பூட்டு.

2020-ல் இது நடப்பதை எல்லோரும் பார்த்தார்கள். கொரோனா ஊரடங்கு. தொற்று என்பதால் 45 நாள் காத்திருக்க முடியாது என்று பொதுச் சுகாதாரத் துறை மே மாதம் ஓர் அவசர விதி போட்டது. அவசர விதி என்றால் அன்றே அமல், 150 நாள்வரை ஆயுள். ஊரடங்கை மீறிக் கடை திறந்தால் 2,500 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் கிடைக்கக்கூடிய குற்றம் என்றது அந்த விதி. சலூன்காரரையும் டீக்கடைக்காரரையும் சிறைக்கு அனுப்பும் தண்டனையைச் சட்டமன்றத்தைக் கேட்காமல் ஒரு துறையே எழுதலாமா என்று எதிர்ப்பு கிளம்பியது. மே 20-ஆம் தேதி குழு கூடுகிற அன்றே விதியை அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. வாக்கெடுப்புக்கே போகவில்லை.

ஆகஸ்டில் துறை மறுபடி வந்தது. இந்தத் தடவை முகக்கவசத்துக்கு, தனிநபர்களை விட்டுவிட்டு வணிக நிறுவனங்கள், பள்ளிகள் போன்றவற்றைக் குறிவைத்து, படிப்படியாக: முதலில் எழுத்தில் எச்சரிக்கை, பிறகு ஆட்களைக் கலைந்துபோகச் சொல்லும் உத்தரவு, அப்புறம்தான் அபராதம். குழுவில் இதை நிறுத்திவைக்கத் தீர்மானம் வந்தது. 8 வாக்கு தேறவில்லை, விதி நின்றது. 2022 பிப்ரவரியில் கதை திரும்பியது. பள்ளி முகக்கவசம் தொடர்பான அவசர விதியைப் புதுப்பிக்கத் துறை முயன்றபோது குழு அதை நிறுத்திவைத்தது. ஒரே துறை, ஒரே குழு, இரண்டே ஆண்டில் மூன்று வேறு முடிவுகள்.

இந்தக் குழுவை மதிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இல்லினாயிலேயே கதை உண்டு. 2007-ல் ஆளுநராக இருந்தவர் ராட் பிளகோயெவிச். நடுத்தரக் குடும்பங்களுக்கும் அரசு மருத்துவக் காப்பீட்டை விரிவாக்க அவருடைய அரசு அவசர விதி கொண்டுவந்தது. எண்ணம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் செலவுக்குப் பணம் எங்கே, சட்டமன்றம் இதற்கு ஒப்புக்கொண்டதா என்று கேட்டு நவம்பரில் குழு நிறுத்திவைத்தது. 'உங்கள் வேலை ஆலோசனை சொல்வது மட்டும்தான்' என்று சொல்லிவிட்டு அவர் திட்டத்தை நடத்திக்கொண்டே போனார். 2009 ஜனவரியில் சட்டமன்றம் அவரைப் பதவியிலிருந்தே நீக்கியது. ஒபாமா குடியரசுத் தலைவரானதால் காலியான செனட் இடத்துக்கு ஆள் நியமிக்கும் அதிகாரத்தை விற்கப் பார்த்தார் என்பதுதான் தலைப்புச் செய்தியான குற்றச்சாட்டு. ஆனால் அவர்மீதான பட்டியலில் குழுவின் முடிவை மீறியதும் ஒன்றாக இருந்தது.

ஆய்வு சரி, தடுப்பது யார்?

இதுவரை படித்தவருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். ஒரு சட்டம் வர இரு அவைகளும் நிறைவேற்றி, ஆளுநர் கையெழுத்தும் போட வேண்டும். அந்தச் சட்டத்தின்படி உருவான விதியைப் பன்னிரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து நிறுத்தலாமென்றால், அந்தப் பன்னிரண்டு பேர் யார்? ஒரு குட்டிச் சட்டமன்றமா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதில் சொன்ன வழக்கில் இருந்தவர் ஓர் இந்திய வம்சாவளிக்காரர். ஜகதீஷ் ராய் சத்தா கென்யாவில் பிறந்தவர், கையில் இருந்தது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். ஒஹையோவில் படிக்க வந்தார். 1972-ல் மாணவர் விசா முடிந்தது. கென்யாவும் ஏற்கவில்லை, பிரிட்டனும் உடனே ஏற்கவில்லை. குடியேற்ற நீதிபதி இரக்கப்பட்டு அவரை வெளியேற்றும் நடவடிக்கையை நிறுத்திவைத்தார். ஆனால் அப்போதைய சட்டப்படி நாடாளுமன்றத்தின் ஏதாவது ஓர் அவை நினைத்தால் அந்தச் சலுகையை ரத்து செய்யலாம். 1975 டிசம்பரில் கீழவை, 340 பேர் கொண்ட பட்டியலிலிருந்து ஆறு பெயரை உருவித் தள்ளியது. அதில் ஒருவர் சத்தா. விவாதம் கிடையாது, பெயர் சொல்லி வாக்கெடுப்பும் கிடையாது.

1983 ஜூன் 23-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்பளித்தது. ஒருவருடைய உரிமையை மாற்றுகிற செயல் என்றால் அது சட்டமியற்றுவதுதான். அப்படியானால் இரு அவையும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரிடமும் போக வேண்டும். ஓர் அவை மட்டும் கையை உயர்த்தி நிறுத்த முடியாது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி வைட், இதனால் கிட்டத்தட்ட 200 சட்டங்களில் உள்ள இதே மாதிரி ஏற்பாடுகளுக்குச் சாவுமணி அடித்தாகிவிட்டது என்று எழுதினார். வழக்கு ஒரு மாணவரின் விசாவைப் பற்றியது. விழுந்த அடி விதிகளை ஆராயும் முறைமீது.

அந்தத் தீர்ப்பு மத்திய அரசுக்குத்தான். மாநிலங்கள் தத்தம் சாசனப்படி நடக்கலாம். அதனால் ஊருக்கு ஒரு வழி. சட்டமன்றம் தனியாக ஒரு விதியை ரத்து செய்வது செல்லாது என்று அலாஸ்கா உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. சாசனத்தைத் திருத்தி அதிகாரத்தைச் சட்டமன்றத்துக்குத் தரலாமா என்று மக்களிடம் கேட்டார்கள், மக்கள் மறுத்துவிட்டார்கள். நியூ ஜெர்சியில் 1982-ல் நீதிமன்றம் மறுத்ததை 1992-ல் மக்கள் சாசனத் திருத்தத்தால் கொடுத்தார்கள். கான்சாஸ் 2022-ல் கேட்டது, மயிரிழையில் தோற்றது. மேற்கு வர்ஜீனியா விதிகளை ஆண்டுதோறும் மசோதாவாகவே போட்டு நிறைவேற்றிக்கொள்கிறது. ஃபுளோரிடாவில் ஐந்தாண்டில் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவு வைக்கும் விதியென்றால் சட்டமன்றம் ஒப்புதல் தரும்வரை அமலாகாது. பென்சில்வேனியா இதற்கென ஐந்து பேர் கொண்ட தனி ஆணையமே வைத்திருக்கிறது.

விஸ்கான்சின் கதை அண்மையது, கொஞ்சம் நின்று பார்க்கத் தகுந்தது. அங்கேயும் கூட்டுக் குழு உண்டு. மொத்தம் 10 பேர். விதி வருமுன் தடுக்கலாம், வந்தபின் நிறுத்திவைக்கலாம், ஒருமுறை நிறுத்தியதை மறுபடியும் நிறுத்தலாம் என்று இருந்தது. தற்காலிக நிறுத்தம் என்று பெயர், நடப்பில் நிரந்தரமாகிவிட்டது. ஒருபால் ஈர்ப்புள்ளவர்களை 'மாற்றுகிறேன்' என்று செய்யும் சிகிச்சையைத் தொழில்முறைத் தவறாக்கி ஆலோசகர்களுக்கான உரிம வாரியம் ஒரு விதி எழுதியது. குழு அதை 2021-ல் நிறுத்தியது, 2023-ல் மறுபடி நிறுத்தியது. வணிகக் கட்டடங்களுக்கான புதிய விதித் தொகுப்பும் இதே அறையில் மாட்டிக்கொண்டது. ஆளுநர் டோனி எவர்ஸ் வழக்குப் போட்டார். 2025 ஜூலை 8-ல் மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்று குழுவின் அந்த அதிகாரங்களை அடித்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 1992-ல் இதே நீதிமன்றம் இதே குழு விதியை நிறுத்திவைப்பதைச் சரி என்றிருந்தது. சாசனத்தின் வார்த்தை மாறவில்லை, முப்பது ஆண்டில் நீதிபதிகள் மாறிவிட்டார்கள்.

எனக்கு விஸ்கான்சின் தீர்ப்பில் முழு மகிழ்ச்சியும் இல்லை, முழு வருத்தமும் இல்லை. காலவரையறை இல்லாமல் விதியை முடக்கிவைத்தது அநியாயம். அதே சமயம், யாராவது கேள்வி கேட்பார்கள் என்ற பயமே துறைகளுக்கு இல்லாமல் போனால் அதுவும் ஆபத்து. இல்லினாயின் 12-ல் 8 என்ற பூட்டு விஸ்கான்சினில் இல்லாமல்போனதுதான் கோளாறு என்று தோன்றுகிறது. அங்கே பெரும்பான்மைக் கட்சி மட்டும் கைதூக்கினால் போதும் என்றிருந்தது.

எல்லா விதியும் ஒரே நாளில் காலாவதி

சட்டமன்றத்துக்கு அளவுக்கு மீறிப் பிடி கிடைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஐடஹோவுக்குப் போக வேண்டும். அந்த மாநிலத்தில் சட்டமன்றம் ஒரு தீர்மானத்தால் எந்த விதியையும் தள்ளலாம், ஆளுநர் கையெழுத்து தேவையில்லை. 2014-ல் இதைச் சாசனத்தில் ஏற்றக் கேட்டபோது மக்கள் கொஞ்சத்தில் மறுத்தார்கள், 2016-ல் ஒப்புக்கொண்டார்கள். போதாததற்கு 2019-ல் இன்னொரு கயிறும் இருந்தது. ஆண்டுதோறும் சட்டமன்றம் ஒரு மசோதா நிறைவேற்றி மொத்த விதிப் புத்தகத்தின் ஆயுளையும் நீட்டிக்க வேண்டியிருந்தது. நீட்டிக்காவிட்டால் ஜூலை 1-ல் அத்தனையும் காலி.

வழக்கமாகச் சடங்குபோல நடக்கும் வேலை. 2019 ஏப்ரலில் இரு அவைக்கும் பிணக்கு வந்து, அந்த மசோதாவை நிறைவேற்றாமலே உறுப்பினர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். 736 அத்தியாயம், சுமார் 8,200 பக்கம், எல்லாம் காலாவதியாகப் போகின்றன. ஆளுநர் பிராட் லிட்டில் தலையில் கைவைத்துக்கொள்ளவில்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று துறைகளைக் கேட்டு, வேண்டியதை மட்டும் தற்காலிக விதியாக மறுபடி பிறப்பித்தார். ஒவ்வொரு விதியையும் நீக்க வழக்கமாகத் தனித்தனியே நடைமுறை நடத்த வேண்டும். அந்த ஆண்டு சும்மா விட்டாலே போதும் என்றாகிவிட்டது. ஆண்டு முடிவில் விதிகளில் 75 சதவீதத்தை வெட்டிவிட்டோம் அல்லது எளிமையாக்கிவிட்டோம் என்று மாநில அரசு சொல்லிக்கொண்டது. ஆளுநரின் பேனாவைப் பிடித்துவைக்கத்தான் சட்டமன்றம் அந்தக் கயிற்றைக் கட்டியிருந்தது. தானே அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டது.

மறுபடி நம் சாம்பாருக்கு வருவோம். நாளைக்கே இல்லினாய் சுகாதாரத் துறை ஆறு மணி நேரத்தை நான்காகக் குறைக்க நினைக்கிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். வரைவு அரசிதழில் வரும். யாருக்குக் கருத்து அனுப்ப வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று அறிவிப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். வழக்கறிஞர் வேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம். சிறுதொழில்களுக்கு என்ன பாதிப்பு என்றும் அந்த அறிவிப்பிலேயே ஒரு பத்தி இருக்கும், கடைக்காரர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். 'எங்கள் அண்டா இத்தனை லிட்டர், ஐஸ் வைத்தும் நான்கு மணி நேரத்தில் இறங்கவில்லை, தெர்மாமீட்டரில் பார்த்து இரவெல்லாம் குறித்த எண்கள் இவை' என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் துறை அதைப் பரிசீலித்தாக வேண்டும். குழுவிடம் போகும்போது, என்னென்ன கருத்து வந்தது, அதற்கு என்ன செய்தோம் என்றும் துறை சொல்ல வேண்டும். பெரிய உணவகச் சங்கிலிகளுக்கு இதைப் படிக்கவென்றே ஆள் இருக்கிறது. அண்டாவைக் கழுவிக்கொண்டிருப்பவருக்கு அந்த 45 நாளில் எந்த நாள் ஓய்வு என்பதுதான் தெரியவில்லை.